சும்மா போட்ட வரி

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பிரவுசிங் சென்டரில் ஒரு ஜெராக்ஸ் கட்டு ஆணியில் தொங்கும். போன வருஷத்துப் பொறியியல் கட்-ஆஃப். கல்லூரிக் குறியீட்டு எண், பாடப்பிரிவு, ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி என்று கட்டம் கட்டமாகக் கடைசி மதிப்பெண். பிள்ளையின் கட்-ஆஃபைச் சொன்னால் போதும். கடைத் தம்பி ஸ்கேலை வைத்து ஐந்து மார்க் மேலே ஒரு கோடு, பத்து மார்க் கீழே ஒரு கோடு போடுவார். இடையில் இருப்பதெல்லாம் சாய்ஸ். அரைமணி நேரத்தில் அறுபது வரி தட்டி, பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு செல்போன் வாங்கக்கூட நம் ஆட்கள் இதைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ கணக்கு எடுக்கிறவன் நான். சங்கரன்கோவில் பக்கம். கவுன்சிலிங் சீசனில் இந்தப் பிரின்ட்டுகள் என் வீட்டு வாசலுக்கும் வரும். இந்தப் பட்டியல் போடும் பழக்கத்தில் நல்லது எது, கோளாறு எது என்று யோசிக்க வைத்தவை அவைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 வரை கவுன்சிலிங் என்றால் கிண்டிக்குப் போக வேண்டும். ராத்திரி பஸ் பிடித்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாய்க் குறைவதைப் பார்த்துக்கொண்டே சில நிமிஷத்தில் முடிவு சொல்ல வேண்டும். 2018-இல் அது ஆன்லைனுக்கு வந்தது. மறு வருஷம் பொறுப்பு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குக் கைமாறியது. இப்போது வீட்டில் உட்கார்ந்து எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். ரேங்க்கில் முன்னால் இருப்பவருக்கு முதலில் பார்ப்பார்கள். அவர் பட்டியலில் மேலிருந்து வந்து, இடம் இருக்கும் முதல் வரியைக் கொடுப்பார்கள். பிறகு அடுத்த ரேங்க். சிபாரிசு இல்லை, நன்கொடை இல்லை. இவ்வளவு நேரான ஒரு ஏற்பாடு நம் ஊரில் அபூர்வம்.

அந்த நேர்மையை நம்பாமல் கெட்டுப்போகிறவர்கள்தான் அதிகம். “கிடைக்காத காலேஜை மேல போட்டா சாய்ஸ் வேஸ்ட்டாப் போயிரும் ஸார்” என்று வருஷா வருஷம் யாராவது சொல்வார்கள். ஒன்றும் வேஸ்ட் ஆகாது. முதல் வரியில் இடம் இல்லையென்றால் அதே நொடியில் இரண்டாவது வரியைப் பார்க்கும். அதற்குள் உங்கள் முறை பறிபோகாது. பத்திரமாக இருக்கட்டும் என்று சுமாரான கல்லூரியை மேலே வைத்தால், நல்லது காலியாக இருந்தும் சுமாரானதே கையில் விழும். உண்மையிலேயே பிடித்த வரிசையில் போடுவதுதான் இந்த முறையில் லாபம். தந்திரம் செய்கிறவருக்குத்தான் நஷ்டம்.

சரி, பிடித்த வரிசை எது? அதை அந்த ஜெராக்ஸ் சொல்லுமா?

போன வருஷக் கட்-ஆஃப் என்பது போன வருஷத்துக் கூட்டம் எந்தப் பக்கம் ஓடியது என்பதன் கணக்கு. வினாத்தாள் கொஞ்சம் எளிதாக இருந்தால் மதிப்பெண் மொத்தமாக ஏறிவிடும். 180 என்பது இந்த வருஷம் வேறு 180. அதனால் மார்க்கை விட்டு ரேங்க்கைப் பாருங்கள், அதிலும் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவு ரேங்க்கைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இடங்களின் எண்ணிக்கையும் நிலையாக இல்லை. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பெருக்கிக்கொண்டே போகின்றன. சிஎஸ்இ, ஐடி, ஏஐ-டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று ஒரே கல்லூரி நான்கு பெயரில் நான்கு வரியாக வருகிறது. முதல் வருஷம் பெரும்பாலும் ஒரே பாடம்தான். அதன் பிறகும் பல இடங்களில் அதே வாத்தியார்கள்தான்.

வாத்தியார்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. இதைக் கட்-ஆஃப் காட்டாது. அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதம் ஓரளவு காட்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தன்னாட்சிக் கல்லூரி தானே கேள்வித்தாள் எடுத்துத் தானே திருத்துகிறது. அதன் 90 சதவீதத்தையும் தன்னாட்சி இல்லாத கல்லூரியின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவோம்.

இதெல்லாம்கூடத் திருத்திக்கொள்ளக் கூடிய குறை. பட்டியலில் பணத்துக்கு இடமே இல்லை என்பதுதான் பெரிய குறை.

போன சீசனில் என் மாணவி ஒருத்தி அப்பாவோடு வந்தாள். அவர் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். கட்-ஆஃப் 171.5. பிரின்ட்டில் அறுபத்திரண்டு வரி, அத்தனையும் கம்ப்யூட்டர் வகை, பாதி சென்னை, மீதி கோயம்புத்தூர். “ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டீங்களா?” என்றேன். அப்பா மகளைப் பார்த்தார், மகள் பிரின்ட்டைப் பார்த்தாள். “கவுன்சிலிங்ல போனா ஃபீஸ் கம்மின்னாங்களே ஸார்.”

கம்மிதான். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-இல் வைத்தது ஆண்டுக்கு 50,000. தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. அது கல்விக் கட்டணம் மட்டும். மேற்கொண்டு என்ன என்று தெரிந்துகொள்ள, அவள் பட்டியலின் மேல்வரிக் கல்லூரிகளுக்கு வரிசையாகப் போன் போட்டோம். ஒன்றில் எடுக்கவில்லை. இன்னொன்றில், “நேர்ல வாங்க, பேசிக்கலாம்.” மூன்றாவதில் பேசிய பெண் பிளேஸ்மென்ட் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னார், மெஸ் பில் கேட்டதும் லைனை வேறு யாருக்கோ மாற்றினார். நான்காவதில்தான் எண் கிடைத்தது. விடுதியும் சாப்பாடும் 95,000. பயிற்சிக் கட்டணம் 20,000, எல்லாரும் கட்டியாக வேண்டும். 55,000-ஐச் சேர்த்தால் 1,70,000. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையைக் கழித்தாலும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நாலு வருஷத்துக்கு ஆறு லட்சம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி; அதற்கு மேல் போனால் மேனேஜரின் கேள்விகள் கூடும். அப்பா என் பேனாவை வாங்கி அந்த ஆறை ஒருமுறை வட்டமிட்டார். எதற்கென்று தெரியவில்லை.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். 2021-இல் வந்த நல்ல சட்டம். எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குத் தெருவின் எதிர்ப்புறம் இருக்கும் எங்கள் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அதே தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் இரண்டு பள்ளியிலும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் மட்டும், அதுவும் தமிழ்வழியில் படித்ததால், இவளுக்கு உண்டு.

இத்தனை வருஷம் பட்டியல் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு விசித்திரம் உண்டு. உச்சியில் இருக்கும் கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி மலிவு. கோவை ஜிசிடி மலிவு. பிஎஸ்ஜி, தியாகராஜர் போன்றவற்றில் உதவி பெறும் பாடப்பிரிவுகளும் மலிவுதான். அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவுக்கு வேறு கட்டணம். அதற்குக் கீழே, கூட்டம் அதிகம் எட்டிப்பார்க்காத போடி, பர்கூர், தர்மபுரி அரசுக் கல்லூரிகளும் நாகர்கோவில், தூத்துக்குடி, ராமநாதபுரம் உறுப்புக் கல்லூரிகளும் மலிவு. நடுவில்தான் பணம் கரைகிறது. 160-க்கும் 185-க்கும் இடையில் மார்க் வாங்கிய பிள்ளைதான் அந்த நடுவில் வந்து நிற்கிறது. ஜெராக்ஸ் கட்டும் கட்-ஆஃப் வரிசையில் அதை அங்கேயேதான் கொண்டுபோய் விடுகிறது.

அதற்காக மலிவு என்ற ஒன்றையே பார்த்துப் பட்டியல் போடச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்ற பையனைச் செலவு குறைவு என்று சிவிலில் தள்ளினேன்; இரண்டாவது வருஷமே அரியர் குவிந்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் ஆசையைச் சுருக்கிக்கொள்ளச் சொல்வது எங்களைப் போன்ற வாத்தியார்களிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம்.

ஆனால் சும்மா போட்டு வைக்கும் வரி ஆபத்தானது. ஒதுக்கீடு வந்ததும் ‘ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்’ என்று ஒரு வாய்ப்பு உண்டு. முன்னால் இருப்பவர்கள் விலகினால், மேலே நீங்கள் போட்ட கல்லூரி தானாக வந்துவிடும். கையில் இருந்தது அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும். என் பழைய மாணவன் ஒருவனுக்கு இப்படித்தான் நடந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரியில் ஈசிஇ கிடைத்திருந்தது. பெருமைக்கு மேலே எழுதிய சென்னைக் கல்லூரி வந்து உட்கார்ந்துகொண்டது. விடுதிப் பணம் புரளவில்லை. பழைய இடம் திரும்ப வரவில்லை. அந்த வருஷம் அவன் கலைக் கல்லூரியில் பிஎஸ்சி சேர்ந்தான்.

அதனால் பிரின்ட்டின் வலது ஓரத்தில் மூன்று கட்டம் போடச் சொல்வேன்: ஒரு வருஷத்து மொத்தச் செலவு, அதில் வீட்டால் கட்ட முடிகிறது எவ்வளவு, மீதி எங்கிருந்து. மூன்றும் நிரம்பாத வரியை அடித்துவிட வேண்டும், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். மிஞ்சியதைத் துணிந்து ஆசைப்பட்ட வரிசையிலேயே போடலாம்.

அந்தப் பெண்ணின் அறுபத்திரண்டு வரியில் பதினேழுதான் மிஞ்சியது. கடைத் தம்பி விட்டுவிட்ட ஒன்பதைப் புதிதாக எழுதினோம். திருநெல்வேலி அரசுக் கல்லூரியின் ஈசிஇ எங்கே வர வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. அவருக்கு முதல் வரி, அவளுக்கு ஆறாவது. மேலே ஐந்தும் கம்ப்யூட்டர், ஐந்துக்கும் மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் லாக் பண்ண ஓடிபி வந்தது, அப்பாவின் செல்லுக்கு. அவர் எண்ணைப் படித்துச் சொல்லாமல் செல்லையே அவள் கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கக் கடைப்பக்கம் நடந்தார்.