வேலியும் விளைச்சலும்

அயல்நாட்டுப் படை எல்லை தாண்டினால் ஒரு நாடு விழித்துக்கொள்ளும். அயல்நாட்டுப் பாட்டும் படமும் ஏடும் தாண்டி வந்தாலோ நடுவீட்டில் பாய் விரித்து அமர்த்தும். கனடா கண்ட அனுபவம் இதுவே. அமெரிக்காவின் அருகே வாழ்வது யானையின் பக்கத்தில் படுத்துறங்குவதை ஒக்கும் என்று கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோ 1969இல் வாஷிங்டனிலேயே எடுத்துரைத்தார். யானை சாதுவானதாயினும், அது புரண்டு படுத்தால் அருகிலிருப்பவன் என்னாவான்?

ஆங்கிலம் பேசும் கனடியருக்கு மொழியும் அரணாக அமையவில்லை. தன் பெருஞ்சந்தையிலேயே போட்ட முதலை எடுத்துவிட்ட அமெரிக்கப் படைப்பை எல்லைக்கு அப்பால் எவ்விலைக்கும் விற்கலாம். சிறிய சந்தையை மட்டுமே நம்பிய உள்நாட்டுப் படைப்பு, தரத்தில் குறையாதபோதும் விலையில் தோற்றுவிடும். ஆகவே கனடிய அரசு வேலி கட்ட முற்பட்டதை நாம் குறை கூறோம். வானொலி இசையில் 30 விழுக்காடு கனடிய இசையாக இருத்தல் வேண்டும் என்ற விதி 1971இல் வந்தது. அயல்நாட்டு இதழ்களில் செய்யும் விளம்பரத்துக்கான வரிச்சலுகை 1976இல் நீக்கப்பட்டது. ‘டைம்’ தன் கனடியப் பதிப்பை நிறுத்தியது. உள்நாட்டு ‘மக்ளீன்ஸ்’ 1978இல் வார இதழாயிற்று.

ஆனால் வேலியின் அளவுகோலை நாம் ஐயுறுகிறோம். இசை, பாடல் வரிகள், பாடியவர், ஒலிப்பதிவு என்னும் நான்கில் இரண்டேனும் கனடாவுக்கு உரியனவாக இருத்தல் வேண்டும் என்றனர். ஒன்ராறியோவில் பிறந்த பிரையன் ஆடம்ஸ், 1991இல் அயல்நாட்டவர் ஒருவரோடு சேர்ந்து இயற்றிய பாடல்கள் கனடிய இசையல்ல என்று ஒதுக்கப்பட்டன. விதி பின்னர்த் திருத்தப்பட்டது. எனினும் பாட்டுக்குள் கனடா இருக்கிறதா என்று எவரும் கேட்டாரில்லை; பங்கேற்றோரின் குடியுரிமையையே எண்ணிப் பார்த்தனர்.

இதற்கு மாறானது ஆலிஸ் மன்றோவின் கதை. ஒன்ராறியோச் சிற்றூர் மாந்தரை எழுதிய அவருடைய தொடக்ககாலக் கதைகளை விலை கொடுத்து வாங்கியது பொதுத்துறை வானொலியான சி.பி.சி. முதல் தொகுப்பை 1968இல் வெளியிட்டது உள்நாட்டு ரயர்சன் பதிப்பகம். இரண்டே ஆண்டுகளில், 1970இல், அந்தப் பழம்பெரும் பதிப்பகம் அமெரிக்க நிறுவனமான மக்ரா-ஹில்லின் கைக்குப் போயிற்று. விற்பனை சற்று முந்தியிருந்தால், பெயரறியாத ஓர் எழுத்தாளரின் சிற்றூர்க் கதைகளை அச்சேற்ற எவர் முன்வந்திருப்பார்? 1977 முதல் அமெரிக்காவின் ‘நியூயார்க்கர்’ இதழே அவருடைய கதைகளை வெளியிட்டது. 2013இல் நோபெல் பரிசும் வந்தடைந்தது. அமெரிக்க வாசகரிடமிருந்து அவரை எவரும் மறைத்து வைக்கவில்லை. நாற்றாக இருந்த பருவத்தில் நீர் வார்த்தனர்; அவ்வளவே.

வேலிகள் நிலையானவை அல்ல. கனடாவின் இதழ்க் காப்பு நடவடிக்கைகளுக்கு எதிராக உலக வணிக அமைப்பு 1997இல் தீர்ப்பளித்தது. இணையவழி ஒளிபரப்பையும் 2023இல் புதுச் சட்டம் வளைத்தது. வேலியின்றேல் பயிர் மேய்ச்சலுக்கு இரையாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வேலி விதைப்பதில்லை. இளம் படைப்பாளியின் முதல் நூலுக்கு இடம் தராத நாடு, எத்துணை உயரமாக வேலி கட்டினாலும், காத்து நிற்பது வெற்று நிலத்தையே.