‘ஆகவே’ என்ற சொல்லும் ஒரு குள்ளர் கோட்டையும்

“திருதராட்டிரன் பார்வையற்றவன், ஆகவே ஆள முடியவில்லை.” பாத்திரப்படைப்புக் கேள்விக்கு மாணவர்கள் இப்படி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. இந்த ‘ஆகவே’தான் எனக்கு உறுத்தல்.

டார்ன், ஸேக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ கணினி விளையாட்டில் குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை அமைப்பார்கள். காயங்கள் உறுப்பு உறுப்பாகக் கணக்கிடப்படும். சண்டையில் ஒரு காலை இழந்த கைவினைஞன் ஒருவனைச் சோதனைக்காகவே விடாமல் கவனித்தேன். ஊன்றுகோல் கிடைத்ததும் மெதுவாக நடந்தான். நடக்க நடக்க அதுவே ஒரு திறனாக வளர்ந்து வேகம் கூடியது. பட்டறையில் அவன் கைவேலையின் தரம் குறையவே இல்லை. ஆனால், இரு கைகளின் பிடிக்கும் ஆற்றலும் போனவனால் கருவியைத் தூக்க முடியாது. எந்த வேலைக்கு எந்த உறுப்பு தேவை என்பதோடு விளையாட்டு நிறுத்திக்கொள்கிறது, பரிதாபப்படுவதில்லை.

குறையும் உண்டு. ஊன்றுகோல் ஊன்றியவனை மற்றவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நான் விளையாடிய வரை தென்படவில்லை. கேரித் தீவில் செம்பனைக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தப் பார்வை தெரியும். கால் போன குலைவெட்டி ஒருவரை ‘ஜாகா’ வேலைக்கு மாற்றினாங்க. அரிவாள் தீட்டுவதில் அவர் கெட்டிக்காரர்; அதை யாரும் கேட்கவே இல்லை.

பாண்டு காட்டுக்குப் போன பிறகு, அதே பார்வையற்ற கண்களோடுதான் திருதராட்டிரன் அத்தினாபுரத்தை ஆண்டான். இதைச் சுட்டி, ‘தடுத்தது கண்ணா, அரச மரபா?’ என்று எழுதிய ஒரு படிவம் ஐந்து மாணவிக்கு முழுப் புள்ளி கொடுத்துட்டேன்.