சும்மா இருப்பவர்களின் கணக்கு

அவிநாசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகூடப் பனியன் மூட்டை இறங்கும். அம்மா பிசிறு வெட்டுவார். பருப்பு வேகும்போது வெட்டுவார், நான் பாடம் ஒப்பிக்கும்போதும் வெட்டுவார். ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர், "வீட்டுக்காரம்மா வேலைக்குப் போறாங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். "இல்லீங்க, ஊட்டுல சும்மாதான் இருக்குது." அம்மாவின் கையில் அப்போதும் கத்தரி இருந்தது.

அப்பாவைத் திட்டியாயிற்று, நிறையவே. இப்போது படிவத்தைப் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92 என்றால் வீட்டுவேலை மட்டும் செய்பவர். அதோடு விறகு பொறுக்கி, வீட்டுக்கென்று துணியும் தைத்தால் 93. இருவருமே உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார்கள். கூலிக்குப் பிசிறு வெட்டுபவரை இதில் தள்ளக் கூடாது. ஆண்டில் 30 நாள் செய்தாலே அது துணைவேலையாகப் பதிவாக வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிடலாம். வேலை என்றால் கம்பெனி வேனில் ஏறுவது என்று பழகிப்போன ஊரில் அந்த ஒருவர் என்ன சொல்வார்?

தப்பிப் பதிவானாலும் அம்மா சேர்வது 'சுயதொழில்' பட்டியலில். மூட்டை காண்ட்ராக்டருடையது, பீஸ் ரேட் அவர் வைத்தது. கத்தரி மட்டும்தான் அம்மாவுடையது. இதில் சுயம் எங்கே?

இந்த ஓட்டையை அடைக்கத்தான் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேண்டும் என்று பெண்ணியப் பொருளியலாளர்கள் கேட்டார்கள். 1998-99இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் முன்னோட்டம் நடந்தது. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்புக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. பலரும் மேற்கோள் காட்டும் இந்த 97 நம்மை ஏமாற்றும். வீட்டுவேலை செய்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி அது. அப்படிச் செய்தவர்கள் 26.1 சதவீதம்தான்; பெண்களில் 81.2. எல்லா ஆண்களுக்கும் பங்கிட்டால் 25 நிமிடம் வந்தால் அதிகம்.

முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து அரைமணி அரைமணியாகக் கேட்கும் படிவம் அது. அதே மாதிரி அம்மாவிடம் நானே உட்கார்ந்து கேட்டேன். காலை 6 மணிக்கு மட்டும் நான்கு வேலை சொன்னார். பிசிறு அதில் இல்லை. ஞாபகப்படுத்தினேன்.

"அதையுமா எழுதோணும்?" என்றார்.