மத்தள அடியும் டைம்கோடும்

இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் கூத்தை மூன்று கேமராவிலும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியிலும் பதிந்து வந்தால், சிக்கல் எடிட்டிங்கில்தான் தெரியவரும். ஆட்டக்காரரின் கால் தரையில் விழுந்த பிறகு சலங்கை ஒலிக்கிறது. மத்தளக்காரரின் கை மேலே இருக்கும்போதே அடி கேட்கிறது. வெறும் பேச்சென்றால் ஓரிரு ஃபிரேம் பிசகைக் கண் பொருட்படுத்தாது. காலும் தாளமுமே உயிரான ஒரு கலையில் அதே பிசகு, ஆடத் தெரியாதவர் ஆடியது போலக் காட்டிவிடும். அந்தக் கலைஞருக்கு அது பெரிய அநியாயம்.

பிசகுக்குக் காரணம் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு தவறினாலே மணிக்கு 36 மில்லி வினாடி விலகும். எட்டு மணி நேரத்தில் அது 288 மில்லி வினாடி, அதாவது வினாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் ஏழு ஃபிரேம். இதற்குத்தான் டைம்கோட்: மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம் என்று எல்லாக் கருவிக்கும் ஒரே எண்ணை ஊட்டுவது. ஜூம் எஃப்8 போன்ற ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரம் பத்து லட்சத்தில் 0.2 பங்குக்குள் நிற்கும். ஓர் இரவு முழுவதும் ஓடினாலும் ஆறு மில்லி வினாடி தவறாது. ஒன்றை மறக்கக் கூடாது. டைம்கோட் ஒவ்வொரு கிளிப்பின் தலையைத்தான் பொருத்தித் தரும். கிளிப் நீண்டுகொண்டே போனால் வால் விலகும். அரை மணிக்கொரு முறை நிறுத்தித் தொடங்குவதே நல்லது.

காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்தில் மிருதங்கம், டோலக், ஹார்மோனியம், முகவீணைக்காரர்கள் எல்லாரும் ஆட்டக்காரருக்குப் பின்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கேமராக்கள் பெரும்பாலும் முன்பக்கம் நிற்கும். டைம்கோட் இல்லாமலே, அலைவடிவத்தை ஒப்பிட்டுப் பொருத்தும் மென்பொருளை நம்பிப் பலரும் வேலையை முடித்துவிடுகிறார்கள். ஒலி ஒரே திசையிலிருந்து, ஏறக்குறைய ஒரே தொலைவில் வருவதால் அது பெரிதாகக் காலை வாருவதில்லை. டைம்கோட் ஊட்டும் பெட்டி வேண்டுமென்றால் சென்னை வடபழனியிலோ சாலிகிராமத்திலோ நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே தொல்லை வேறு வழியில் வருகிறது. சினிமாவில் பழகியவர்கள் பழக்கத்தில் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துவிடுகிறார்கள். பல மிரர்லெஸ் கேமராக்களில் 24 என்று காட்டுவது உண்மையில் 23.976. அந்தக் கேமரா தானாக எண்ணும் டைம்கோட் மணிக்கு 3.6 வினாடி பின்தங்கும். நள்ளிரவு தாண்டினால் எந்த எண்ணும் எதனோடும் சேராது. கூத்துக்கு 25 தான் சரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பந்தல் டியூப் லைட்டும் படத்தில் துடிக்காது. இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். அங்கும் இதே கணக்கு.

மட்டக்களப்பில் களமே வேறு. வடமோடி, தென்மோடி என்னும் இரு வகைக் கூத்தும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் ஆடப்படுகின்றன. சனம் நான்கு பக்கமும் இருக்கும். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு களரிக்குள்ளேயே நிற்பார். சல்லரி என்னும் தாளம் போடுபவரும் பிற்பாட்டுக்காரரும் அவர் பக்கத்தில். ஆட்டக்காரர்கள் அவர்களைச் சுற்றி வட்டமிட்டு ஆடுவார்கள். முன், பின் என்று ஒன்றும் இல்லாததால் கேமராக்களும் சுற்றிவர, வெவ்வேறு தொலைவில் நிற்க வேண்டியிருக்கிறது.

அலைவடிவப் பொருத்தம் தோற்பது இங்கேதான். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். ஏறக்குறைய 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம் தாமதம். களரியிலிருந்து 28 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கில் மத்தள அடி இரண்டு ஃபிரேம் பிந்தி விழும். மென்பொருள் அந்தப் பிந்திய அடியை அண்ணாவியாரின் மைக்கில் பதிந்த அடியோடு பொருத்தும்போது படம் இரண்டு ஃபிரேம் முந்திவிடும். பக்கத்தில் குழாய் ஒலிபெருக்கியும் கட்டியிருந்தால் எந்த அடியை நம்புவதென்று அதற்கே தெரியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றபடி சுருக்கிய கூத்து வடிவத்தை முன்னாலிருந்தே எடுத்துவிடலாம். களரிக் கூத்துக்கு டைம்கோட் இல்லாமல் ஆகாது என்றே சொல்வேன்.

டைம்கோட் பெட்டி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் கிடைப்பதும் கடினம். வாடகைக்கு எடுக்கலாமென்றால் கொழும்பு 300 கிலோமீட்டருக்கு அப்பால். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபின் கருவி வாங்கும் ஆசையையே பலர் விட்டுவிட்டார்கள். வினாடி ஓடும் ஒரே கைபேசித் திரையை எல்லாக் கேமராவுக்கும் காட்டிவிட்டுத் தொடங்குவதுண்டு. வினாடிவரை அது சரியாக வரும், ஃபிரேம்வரை வராது.

ஒரே ஒரு டைம்கோட் பெட்டி இருந்தாலும் வழி உண்டு. முதலில் ஒலிப்பதிவுக் கருவியோடு அதை இணைத்து நேரத்தை ஒன்றாக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கேமராவும் புதிய கிளிப் தொடங்கும்போது மைக் துளையில் பெட்டியைச் செருகி ஒரு நிமிடம் பதிந்தால் போதும். டைம்கோட்டே ஓர் ஒலி சமிக்ஞைதான். கேமராவின் தானியங்கி ஒலி அளவை அணைத்து, பெட்டியின் அளவையும் குறைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கரகரப்பு அடுத்த சேனலிலும் ஏறிவிடும். பிறகு டாவின்சி ரிசால்வ் அந்த ஒரு நிமிடத்தைப் படித்துக் கிளிப் முழுவதற்கும் எண் போட்டுத் தரும். பேட்டரி மாற்றும் இடைவேளையில் பெட்டியோடு களரியைச் சுற்றிவர ஓர் இளைஞர் தேவை, அவ்வளவுதான்.

பழைய நாடாக்களை இன்று டிஜிட்டலாக்குபவர்களுக்கு இன்னொன்று. கடிகார நேரத்தையே டைம்கோடாக வைத்த பதிவென்றால், 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் அரச நேரம் இந்திய நேரத்துக்கு முதலில் ஒரு மணி, பின்னர் அரை மணி முந்தியிருந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. நாடாவின் உறையில் பதிந்த ஊரின் பெயர் இருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.