காக்கி விசிலும் பள்ளிக்கூடப் பந்தும்

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டால், அவர் பேச்சில் ஒரு வரி எப்படியும் வந்துவிடும்: “பசங்களை கிரவுண்டுக்கு அனுப்புங்க, ஸ்டேஷனுக்கு வரமாட்டாங்க.” கைதட்டல் விழும். முப்பது வருடம் லாக்கப்பைப் பார்த்தவர் சொல்கிறார். யார் மறுத்துப் பேசுவார்கள்? பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கோ அரிசி ஆலைக்கோ போகும் பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஆரணி மாதிரியான ஊரில், அந்த வரிக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

அந்த வரி எந்த அளவுக்கு உண்மை? சோதித்துப் பார்க்கப் பக்கத்து மாநிலமே போதும். கால்பந்தைக் கேரளக் காவல்துறை அளவுக்குக் கையிலெடுத்த காவல்துறை இந்தியாவில் அரிது. 1984இல் அணி தொடங்கினார்கள். 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றார்கள். கோவாவின், பம்பாயின் பெரிய கம்பெனி அணிகளை ஒரு மாநிலப் போலீஸ் அணி சாய்த்த காலம் அது. வி.பி.சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி, ஐ.எம்.விஜயன் எல்லோரும் அந்த அணியிலிருந்து வந்தவர்கள்.

விஜயன் கதை கேரளத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருச்சூர் நகராட்சி ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். பதினெட்டு வயது ஆவதற்குள் போலீஸ் அணியில் இடம் கிடைத்தது. நடுவில் மோகன் பகான் உட்படப் பல கிளப்புகளுக்குப் போய் ஆடிவிட்டு, மீண்டும் காவல்துறைக்கே வந்தார். 2025 ஏப்ரலில் மலபார் ஸ்பெஷல் போலீஸின் துணை கமாண்டன்டாக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. பந்தும் காக்கியும் சேர்ந்து ஒரு வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் ஒரு விஷயம் வெளியே வரும். சோடா விற்ற விஜயன் ஏழை. தப்பு வழிக்குப் போன பையன் அல்ல. காவல்துறை அவரைத் திருத்தவில்லை. மாதச் சம்பளம் கொடுத்தது, பூட்ஸ் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது. ஆண்டு விழா மேடையில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. ஏழைப் பையனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் பேச்சு, மூன்றாவது வாக்கியத்தில் குற்றவாளியைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு, தன்னை எந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பது நன்றாகவே புரியும்.

வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் அதே அணியில் மறுப்பு உண்டு. 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றபோது கேப்டன் சத்யன். போலீஸை விட்டு இந்தியன் வங்கிக்கு வந்து, சென்னையிலேயே குடியிருந்தவர். 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயிலில் அடிபட்டு இறந்தார். ஆட்டம் முடிந்த பிறகு ஆட்டக்காரனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை எந்த விளையாட்டு ஒதுக்கீடும் இன்றுவரை சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை.

பள்ளிக் கால்பந்தும் போலீஸும் நேரடியாகச் சந்திக்கும் இடம் மலப்புறம். அங்கே மலபார் ஸ்பெஷல் போலீஸின் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்துக்காரர்கள் ‘எம்.எஸ்.பி.’ என்று சொன்னாலே முகம் சுளித்த படைதான் இது. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியை ஒட்டி, மலபார் கிராமங்களை அடக்கி வைப்பதற்கென்றே வெள்ளைக்காரன் புதுப்பித்து நிறுத்திய ஆயுதப் படை. அந்தப் படையின் பேரைத் தாங்கிய பள்ளி அணிதான் 2012இல் டெல்லியில் சுப்ரதோ கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. உக்ரைனின் டைனமோ கீவ் சிறுவர்களிடம் தோற்றது என்பது வேறு விஷயம். அடக்கப்பட்ட ஊர்களின் பேரப்பிள்ளைகள், அடக்கிய படையின் பேர் போட்ட பனியனோடு ஓடினார்கள். நூறு வருடக் கசப்பை ஒரு பந்து கரைத்துவிட்டது என்று எழுதினால் அது மிகை. ஆனாலும் அந்த ஊரில் காக்கிக்கு இன்னொரு முகம் கிடைத்ததை மறுக்க முடியாது.

அது எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால் சங்கதி எளிமையானது. அது ஒரு பள்ளி. பையன் அங்கே மாணவன், சந்தேகத்துக்குரியவன் அல்ல. அங்கே கால்பந்து ஆட வருபவனை யாரும் ‘குற்றத் தடுப்பு’ என்ற தலைப்பில் எண்ணுவதில்லை. மலப்புறத்தில் கால்பந்து ஏற்கெனவே வெறி. அந்த வெறிக்குப் படை கொடுத்தது மைதானமும் ஒழுங்கும் மட்டுமே. சுப்ரதோ கோப்பையும் இப்படித்தான். 1960இல் தொடங்கியதிலிருந்து அதை இந்திய விமானப்படை முன்னின்று நடத்துகிறது. பையன்களைத் திருத்துவதற்காக நடத்துகிறோம் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. போட்டி நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வழி வேறு. சென்னையில் காவல் சிறார் மன்றங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. இப்போது சிறுமியரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடிசைப் பகுதிகளை ஒட்டிய ஒரு அறை, கேரம் போர்டு, மாலை டியூஷன், சில இடங்களில் பந்து, சில இடங்களில் கராத்தே. நல்ல இன்ஸ்பெக்டர் வாய்த்த மன்றத்தில் பையன்கள் நிரம்பி வழிவார்கள். அவர் மாற்றலாகிப் போனதும் கேரம் போர்டில் காயைத் தேட வேண்டியிருக்கும். ஒரு அதிகாரி ஒரே இடத்தில் இரண்டு மூன்று வருடம் தாண்டுவது அபூர்வம். ஒரு கால்பந்துக்காரன் உருவாக எட்டு, பத்து வருடம் வேண்டும். இந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது.

ஒத்துவந்த இடம் வியாசர்பாடி. வடசென்னை என்றாலே சினிமாக்காரர்களுக்குக் கத்தியும் காக்கியும்தான் நினைவுக்கு வரும். 2019இல் வந்த ‘பிகில்’ கொஞ்சம் மாறுதலுக்கு ரவுடிக்கும் கால்பந்துக்கும் முடிச்சுப் போட்டது. நிஜ வியாசர்பாடியில் பந்தைத் தூக்கிப் பிடித்தவர்கள் உமாபதி, தங்கராஜ் என்ற உள்ளூர்க்காரர்கள். குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி, கால்பந்தோடு படிப்பையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் சேகர்தான் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலைப் போட்டு, அந்த அணியை ஈஸ்ட் பெங்கால் வெல்ல முடியாமலிருந்த நாலரை ஆண்டை முடித்து வைத்தார். கொல்கத்தா பித்துப் பிடித்து ஆடிய இரவு அது. உமாபதிக்கும் தங்கராஜுக்கும் மாற்றல் உத்தரவு வருவதில்லை. வியாசர்பாடி, காவல் சிறார் மன்றங்களை முந்தியதற்குப் பெரிய ரகசியம் வேறு இல்லை.

வெளிநாட்டிலும் இதே வாதம் நூறு வருடமாக நடக்கிறது. நியூயார்க் போலீஸ் 1914இலேயே தெருக்களை வண்டிகளுக்கு மூடி, பிள்ளைகள் விளையாட விட்டது. போலீஸ் அத்லெடிக் லீக் அதிலிருந்து வளர்ந்தது. 1986இல் மேரிலாந்தில் ‘நள்ளிரவுக் கூடைப்பந்து’ என்ற திட்டம் வந்தது. குற்றம் பெருகும் இரவு நேரத்தில் இளைஞர்களைக் களத்தில் வைத்திருப்பது அதன் யோசனை. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் குற்றத் தடுப்பு மசோதா வந்தபோது, இந்தத் திட்டத்தைக் கிண்டலடித்தே பாதி விவாதம் ஓடியது. பின்னால் 2006இல் ஹார்ட்மன், டெப்ரோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எண்களை எடுத்துப் பார்த்தார்கள். திட்டத்தை முதலில் ஏற்ற நகரங்களில் சொத்துக் குற்றங்கள் மற்ற நகரங்களைவிட வேகமாகக் குறைந்திருந்தன. வன்முறைக் குற்றங்களில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. களத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே என்பதால், கூடைப்பந்தே காரணம் என்று அடித்துச் சொல்ல அவர்களும் தயங்கினார்கள். நம் ஊர் மேடைகளில் அந்தத் தயக்கத்தைப் பார்க்க முடிவதில்லை.

போலீஸையும் மக்களையும் நெருங்க வைப்பதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பாடம் வேறு இருக்கிறது. 1993இல் ராமநாதபுரத்தில் ஐ.பி.எஸ். அதிகாரி பிரதீப் வி. பிலிப் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். ராஜீவ் காந்தி கொலையானபோது ஸ்ரீபெரும்புதூரில் குண்டுவெடிப்பில் காயப்பட்டுப் பிழைத்தவர் அவர். யோசனை நல்ல யோசனை. பொதுமக்கள் ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயப்படக் கூடாது என்பதுதான் எண்ணம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் பிடியில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அந்த அமைப்பின் பெயரும் புகார்களில் அடிபட, அடுத்த மாதமே மாநில அரசு அதைத் தடை செய்தது. இருபத்தேழு வருடம் சேர்த்த நம்பிக்கை சில நாளில் போய்விட்டது. போலீஸ் நடத்தும் கால்பந்து கிளப்புக்கும் இதே ஆபத்து உண்டு. கிளப்புக்கு வரும் பையனின் அப்பா, அண்ணன் யாராவது ஸ்டேஷனில் அடி வாங்கிய மறுநாள், அந்தப் பையன் பந்தைத் தொடுவானா?

சட்டத்துக்கு இந்த உறுத்தல் தெரிந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென்று ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது. அதன் மாதிரி விதிகள், போலீஸார் சிறுவர்களைக் கையாளும்போது கூடுமானவரை சீருடை போடக் கூடாது என்கின்றன. நம் ‘காவல்துறை–மாணவர் நல்லுறவு’ கால்பந்துப் போட்டிகளின் புகைப்படங்களைப் பார்த்தால் இதற்கு நேர் எதிர்: முன்வரிசை முழுக்கக் காக்கி, பின்னால் நெற்றி வியர்வையோடு பையன்கள். கோப்பையைக் கொடுப்பவர் தொப்பியைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார்.

ஆரணிக்கு வருவோம். இங்கே ஒரு பையனின் மாலை நேரத்துக்கு முதல் போட்டி தறி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போடும் பட்டுச் சேலைக்கு ஒரு ஆள் கை போதாது. குழித்தறியில் நெசவாளி உட்கார்ந்து உடலுக்கு நாடா வீச, பக்கத்தில் இன்னொருவர் குந்திக்கொண்டு கரைக்கான நாடாவைத் தள்ளித் தர வேண்டும். தாளம் தவறினால் கரையும் உடலும் சேரும் இடத்தில் பட்டு இழை அறுந்து தொங்கும். அந்த இரண்டாவது கை பல வீடுகளில் மனைவியுடையது. சில வீடுகளில் பிள்ளையுடையது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குக் கீழே வேலை முழுக்கத் தடையானது. ஆனால் பள்ளி நேரம் முடிந்து குடும்பத் தொழிலில் கைகொடுக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். அந்தக் கதவு திறக்கும் நேரமும், மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் நேரமும் ஒன்றேதான்: மாலை நாலரை.

பருவமும் இடிக்கும். குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டில் வரும். ஆவணி முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் சேலை முடித்துக் கொடுக்க முதலாளி நெருக்குவதும் அதே மாதங்களில்தான். மழை பிடித்துத் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை ஓயும் ஐப்பசி, கார்த்திகையில் மைதானமும் சேறாகிவிடும். பையன் ஏன் பயிற்சிக்கு வரவில்லை என்று கேட்கும் அதிகாரி, ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த வீட்டுத் தறியில் எத்தனை சேலை பாக்கி என்று விசாரித்தால் பதில் கிடைத்துவிடும். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மணிப்பூர் போலீஸில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்கு ஆடிப் பத்மஸ்ரீ வாங்கிய ஓயினாம் பெம்பெம் தேவியைப் போல ஒருத்தி இங்கே இருந்தாலும், அவள் கை நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் ‘கிரவுண்டுக்கு அனுப்புங்க’ என்பது பெற்றோரைப் பார்த்துச் சொல்லும் அறிவுரையாக மட்டும் நின்றுபோகிறது. அனுப்புவதால் குறையும் கூலிக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. காவல்துறையிடம் உண்மையாகவே கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது: வேலை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பத்து சதவீத இடம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சான்றிதழ் செல்லும், மாவட்டப் போட்டிக்கு மேல் எதுவரை ஆடியிருக்க வேண்டும், எந்த வயதில் எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார வைத்துச் சொல்லித் தர ஓய்வுபெற்ற ஒரு சப்-இன்ஸ்பெக்டரைவிடத் தகுந்த ஆள் கிடையாது. பையனின் அப்பாவுக்கும் அந்தப் பேச்சு புரியும். கூலிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் ஒரு எண் கிடைக்கும்.

பயிற்சியைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமே விட்டுவிடலாம். பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. அதற்குத் தலைமையாசிரியர் போதும், டி.எஸ்.பி. தேவையில்லை. போலீஸ் செய்யக்கூடியது வேறு வேலை. கோட்டை மைதானத்தில் பொதுக்கூட்டம், பொருட்காட்சி என்று பந்தல் போட்டுவிட்டுக் குழியும் ஆணியுமாக விட்டுப் போகிறவர்களிடம், மூடிக் கொடுத்த பிறகுதான் அடுத்த அனுமதி என்று சொல்லலாம். குறுவட்டப் போட்டிக்குப் போகிற அணிக்கு வேன் வாடகைக்கு வழி செய்து கொடுக்கலாம். வயது கூட்டி ஆள் இறக்கும் அணிகளால் வரும் சண்டைகளில், ஸ்டேஷனுக்கு வராமலே சமாதானம் செய்து வைக்கலாம். இவை எதிலும் புகைப்படம் எடுக்க இடமில்லை. கிளப் தொடங்க ஆர்வப்படும் அதிகாரிகள் பலர் இவற்றின் பக்கமே திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.