கெண்ட் நாட்டார் யார்? – எவெரிட்டின் வரலாற்று நூல் பற்றிய ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் என்றவுடன் நினைவுக்கு வருவோர் மன்னர் முதலாம் சார்லஸும் படைத்தலைவர் கிராம்வெல்லும் ஆவர். நினைவுக்கு வரும் இடம் இலண்டன் மாநகர். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மாவட்டங்களின் நிலை யாது? அங்கு வாழ்ந்தோர் எப்பக்கம் சாய்ந்தனர்? ஏன் சாய்ந்தனர்? சாயாமல் நின்றோர் எத்தகையோர்? இவ்வினாக்களுக்கு விடைகாணப் புகுந்த நூல்களுள் தலைசிறந்த ஒன்று, ஆலன் எவெரிட் எழுதி 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கெண்ட் சமுதாயமும் பெருங்கிளர்ச்சியும், 1640–60’ என்பதாகும். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இத்துறையில் எழுதுவோர் அந்நூலை ஒதுக்கிவிட்டு மேலே செல்ல இயலவில்லை. அதனாலேயே அதன் நிறையோடு குறையையும் சீர்தூக்கிப் பார்ப்பது கடனாகிறது.

நூலின் கொள்கை

கெண்ட், இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள மாவட்டம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த நிலக்கிழார் ஒருவர் ‘என் நாடு’ என்று எழுதினால், அவர் குறித்தது பெரும்பாலும் இங்கிலாந்தை அன்று, தம் மாவட்டத்தையே. எவெரிட்டின் நூல் முழுவதற்கும் இச்சொற்பொருளே கடைக்கால் எனலாம். தமிழ் கற்றோருக்கு இது வியப்பளிக்காது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘நாடு’ என்னும் சொல்லும் சில பல ஊர்கள் அடங்கிய சிறு நிலப்பிரிவையே குறிக்கின்றது.

கெண்டின் நிலக்கிழார் குடிகளுள் பெரும்பாலானவை பல தலைமுறையாக அம்மண்ணிலேயே வேரூன்றியவை. ‘கேவல்கைண்ட்’ எனப்பட்ட பழைய வழக்கப்படி, தந்தையின் நிலம் மூத்த மகனுக்கு மட்டும் சேராமல் மைந்தர் அனைவருக்கும் பங்கிடப்பட்டது. அதனால் ஒரு குடியின் கிளைகள் மாவட்டமெங்கும் பரவின. பெண் கொடுப்பதும் கொள்வதும் பெரும்பாலும் அம்மாவட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தன. இத்தகைய உறவுக் கட்டுக்குள் வாழ்ந்தோருக்கு மன்னர் கட்சியும் பாராளுமன்றக் கட்சியும் ஒருங்கே அயலானவை என்பது எவெரிட்டின் முடிவு. தீவிரக் கட்சிக்காரர் இருபுறமும் சிறுபான்மையினரே. நடுவே நின்ற மிதவாதிகளே பெரும்பான்மையினர். அவர்கள் காக்க விரும்பியது தம் மாவட்டத்தின் அமைதியையும் பழைய வழக்கங்களையுமே என்று அவர் வாதிடுகிறார்.

இதற்குச் சான்றாக அவர் காட்டும் மாந்தருள் மறக்கவொண்ணாதவர் ராய்டன் மாளிகையில் வாழ்ந்த சர் ரோஜர் ட்வைஸ்டன். அவர் பழஞ்சுவடி ஆராய்ச்சியில் தோய்ந்த அறிஞர். சட்டத்தின்பால் நீங்காப் பற்றுடையவர். மன்னர் சட்டத்தை மீறியபோதும் அவர் உடன்படவில்லை. பாராளுமன்றம் மீறியபோதும் உடன்படவில்லை. பயன், சிறைவாசமும் சொத்து முடக்கமும். தம் தோப்புகளில் மரங்கள் வெட்டப்பட்டதை அவர் தம் குறிப்பேட்டில் மனம் நொந்து பதிந்து வைத்தார். நடுநிலை என்பது பாதுகாப்பான திண்ணையன்று, இருபுறத்து அடியும் விழும் இடம் என்பதை இவர் வாழ்க்கையைக் கொண்டு எவெரிட் விளக்கும் பகுதி அந்நூலின் அழகிய பகுதியாகும்.

மனுக்களும் போரும்

1642ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மெய்ட்ஸ்டன் நகரில் சுற்றுநீதிமன்றம் கூடியபோது, நிலக்கிழார் சிலர் கெண்ட் மாவட்டத்தின் பெயரால் ஒரு மனு வரைந்தனர். பிஷப்புகளின் ஆட்சியும் பொது வழிபாட்டு நூலும் காக்கப்படவேண்டும், படைதிரட்டும் அதிகாரம் சட்டப்படி வரையறுக்கப்படவேண்டும் என்பன அதன் கோரிக்கைகளுள் சில. பாராளுமன்றம் சினந்து அம்மனுவைக் கொளுத்தச் செய்தது. ஏப்ரல் மாத இறுதியில் மனுவோடு இலண்டன் சென்ற கவிஞர் ரிச்சர்டு லவ்லேஸ் சிறையில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டு மாதத்தில் பாராளுமன்றப் படை கெண்டுக்குள் புகுந்தது; கேண்டர்பரிப் பேராலயமும் அப்படையினரால் சேதமுற்றது. பின்னர் சர் அந்தனி வெல்டன் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று அமர்ந்து, வரி தண்டுவதும் எதிரிகளின் சொத்தை முடக்குவதுமாக ஆட்சி செலுத்திற்று.

1647ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் கடைகளைத் திறக்கவேண்டும் என்று கேண்டர்பரி நகரத் தலைவர் கட்டளையிட்டதால் அங்கே கலகம் மூண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் கலகக்காரரை விசாரிக்க நீதிபதிகள் வந்தபோது, ஜூரிகள் குற்றச்சாட்டை ஏற்க மறுத்தனர். மறுபடியும் ஒரு மனு. அதன் பின் ஆயுதம். 1648 ஜூன் முதல் நாளன்று பேர்பாக்ஸ் தலைமையில் வந்த படை மெய்ட்ஸ்டன் தெருக்களில் கிளர்ச்சியாளரை முறியடித்தது. கெண்ட் தன் அமைதிக்காகப் போராடித் தோற்றது என்ற எண்ணத்தையே எவெரிட்டின் வரலாறு நம் மனத்தில் பதிக்கின்றது.

மறுப்புரைகள்

இக்கொள்கை முதலில் பெருவரவேற்புப் பெற்றது. பின்னர்க் கடுமையான சோதனைக்கும் உள்ளாயிற்று. 1980இல் கிளைவ் ஹோம்ஸ் எழுதிய கட்டுரை அதன் அடிப்படையையே அசைத்தது. நிலக்கிழாரின் மைந்தர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இலண்டன் சட்டக் கல்லூரிகளிலும் பயின்றவர்கள். ஆண்டுக்கு இருமுறை இலண்டன் நீதிபதிகள் மாவட்டந்தோறும் சுற்றிவந்து நாட்டுச் செய்தியை உடன் கொணர்ந்தனர். ஆகவே மாவட்டம் மூடிய வீடன்று என்பது அவர் வாதம். 1987இல் ஆன் ஹியூஸ் வெளியிட்ட வாரிக்‌ஷையர் பற்றிய நூல் வேறொரு திசையிலிருந்து தாக்கிற்று. அம்மாவட்டத்தின் வடபகுதியாகிய ஆர்டனும் தென்பகுதியாகிய பெல்டனும் தொழிலாலும் வாழ்க்கை முறையாலும் வேறுபட்டவை. அங்குள்ள குடிகளின் உறவு பலவும் எல்லை கடந்து அண்டை மாவட்டங்களில் படர்ந்திருந்தது. அவ்வாறாயின், ஒரே மாவட்டம் என்பதால் ஒரே சமுதாயம் என்று கொள்வது எங்ஙனம்? கெண்டைப் பற்றியே 2001இல் எழுதிய ஜாக்குலின் ஈல்ஸ், அங்கும் ஒற்றுமையினும் பிளவே, சிறப்பாகச் சமயப் பிளவே, ஆழமானது எனக் காட்டினார்.

எவெரிட்டின் சான்றுகளைக் கொண்டே அவர் முடிவை மறுக்கவும் கூடும். மனுக்களில் கேட்கப்பட்டவை யாவை? 1642இல் பிஷப்புகள், வழிபாடு, படை. 1648இல் மன்னரோடு உடன்படிக்கை, பேர்பாக்ஸின் படையைக் கலைத்தல், நிலைபெற்ற சட்டப்படி ஆட்சி, முறையற்ற வரியிலிருந்து விடுதலை. இவற்றுள் எது கெண்டுக்கு மட்டும் உரிய கோரிக்கை? ஒன்றுமில்லை. அனைத்தும் இங்கிலாந்து முழுவதையும் தழுவியவை. மாவட்டத்தின் குரலில் பேசினர் என்பது உண்மை; பேசிய பொருள் நாட்டுப் பொருள். குரலைக் கேட்டு எவெரிட் பொருளைத் தவறவிட்டார்.

சர் எட்வர்டு டெரிங்கின் வாழ்வும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1641 ஜனவரியில் பிஷப்புகளை அடியோடு ஒழிக்கக் கோரும் கெண்ட் மனுவைப் பாராளுமன்றத்தில் அளித்தவர் அவரே. மே மாதம் அதற்கான மசோதாவை முன்மொழிந்தவரும் அவரே. 1642 பிப்ரவரியில் தம் சொற்பொழிவுகளை அச்சிட்டதற்காக மன்றத்திலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த மாதம் பிஷப்புகளைக் காக்கும் மனுவுக்கு முன்னின்றவரும் அவரே. பின் மன்னர் பக்கம் சென்றார்; 1644இல் பாராளுமன்றத்திடம் மீண்டு, அவ்வாண்டே மறைந்தார். மாவட்டத்தாரின் மனப்போக்கை ஒட்டிச் சாய்ந்தவர் என இவரைக் கொள்வது எவெரிட்டின் கொள்கைக்கு இசையும். ஆனால், ஒட்டிச் சாய்வதற்கு அங்கே ஒரே மனப்போக்கு இருந்ததா? பிஷப்புகளை ஒழிக்கச் சொன்னவரும் கெண்டின் பெயரால் கேட்டனர். காக்கச் சொன்னவரும் கெண்டின் பெயரால் கேட்டனர். மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்ட சர் மைக்கேல் லிவ்சி கெண்டில் வாழ்ந்தவரே. தீவிரம் வெளியூரிலிருந்து வந்த நோய் என்று எவ்வாறு கூறுவது?

யாருடைய நாடு?

குறையின் வேர் சான்றுகளின் இயல்பில் உள்ளது. கடிதமும் குறிப்பேடும் குடும்ப ஆவணமும் விட்டுச் சென்றோர் நிலக்கிழாரே. வீல்டு வனப்பகுதியில் துணி நெய்தோர், சாத்தம் கப்பல் தளத்தில் உழைத்தோர், கேண்டர்பரியின் கைவினைஞர் ஆகியோர் அத்தகைய ஏடுகளை மிகுதியாக விட்டுச் செல்லவில்லை. அவர்கள் எவெரிட்டின் நூலில் கூட்டமாக வருகின்றனர், கலகம் செய்கின்றனர், கலைகின்றனர். தனி மனிதராக எண்ணிப் பேசுவோர் மாளிகையில் வாழ்ந்தோர் மட்டுமே. கல்வெட்டுகளில் வரும் ‘நாட்டார்’ என்போரும் அந்நாட்டில் வாழ்ந்த அனைவரும் அல்லர். நிலமுடையோரே என்பதை ஈண்டு நினைவு கூரலாம். நாட்டின் பெயரால் பேசும் உரிமை பெற்றோரையே நாடு என்று மயங்குவது வரலாற்றாசிரியருக்கு எளிதில் நேரும் பிழை.

இலக்கணம் கற்றோர் சுவைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. எவெரிட்டின் வழியில் மாவட்டங்களை ஆராய்ந்த ஜான் மாரில், 1976இல் ‘மாகாணங்களின் கிளர்ச்சி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1999இல் அதனைத் திருத்தி வெளியிட்டபோது, ‘மாகாணங்களில் கிளர்ச்சி’ என்று பொருள்படத் தலைப்பை மாற்றினார். ஆறாம் வேற்றுமை ஏழாம் வேற்றுமையாயிற்று. மாகாணங்கள் ஒருமனப்பட்டுக் கிளர்ந்தன என்பது முதல் தலைப்பில் தொனிக்கும் பொருள்; அவற்றுள்ளே கிளர்ச்சி நிகழ்ந்தது என்பது இரண்டாவது. முப்பதாண்டு ஆராய்ச்சியின் போக்கு ஓர் உருபின் மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

முடிவு

எனினும் எவெரிட்டின் நூலைத் தள்ளிவிடுதல் நன்றன்று. போரை விரும்பாதோர் பலர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. 1642 டிசம்பரில் செஷையர் மாவட்டத்தில் இருதரப்பு நிலக்கிழாரும் பன்பரி என்னும் ஊரில் கூடி, படைகளைக் கலைத்துவிட உடன்படிக்கை செய்தனர். பாராளுமன்றம் அதனை ஏற்கவில்லை. இத்தகைய முயற்சிகளை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கியிருந்த வரலாற்றுலகுக்கு, நடுநின்றோருக்கும் நெஞ்சுரமும் நியாயமும் உண்டு என உணர்த்தியது எவெரிட் போன்றோரின் உழைப்பே. ட்வைஸ்டனை அறிந்தவர், கட்சி சேராதவனைக் கொள்கையற்றவன் என்று இனி எளிதில் பழிக்கமாட்டார்.

மாளிகையின் சாளரத்திலிருந்து காணப்பட்ட கெண்டை எவெரிட் பிழையின்றித் தீட்டினார். சாளரத்துக்கு வெளியே தெருவில் நின்றோரின் கெண்ட் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அவர் தவறு. ஓர் ஊரின் வரலாற்றை எழுத முற்படும் எவரும், ‘இவ்வூர் இவ்வாறு எண்ணிற்று’ என்று எழுதுமுன், அவ்வூரின் பெயரால் பேசியவர் யார், பேச வாய்ப்பற்று நின்றவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராயின், எவெரிட்டின் நூல் தன் நிறையாலும் குறையாலும் ஒருங்கே பயன் தந்ததாகும்.