கோயிலொழுகு: அகதியின் ஏடு

ஸ்ரீரங்கத்தின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகை நம் இல்லங்களில் புரட்டிப் பார்ப்போர் அரியர். அந்நூலில் வரும் படையெடுப்பாளர் ஒரு முஸ்லிம் மன்னர் என்பதே நம் தயக்கத்திற்குக் காரணம். ஆயினும் அதை நாம் படித்தேயாக வேண்டும் என்போம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோர் தரப்பில் நின்று எழுதப்பட்ட பழந்தமிழ் ஏடு அது.

1323-ஆம் ஆண்டில் உலூக்கானின் படை தெற்கே வந்தபோது, பிள்ளை லோகாசாரியர் சிலருடன் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வழியிலேயே ஜோதிஷ்குடியில் மறைந்தார். எஞ்சியோர் மலையாள நாடு, மேல்கோட்டை, திருப்பதி என அலைந்தனர். திருமேனி மீண்டது 1371-இல்தான்.

அந்த உலூக்கானே முகம்மது பின் துக்ளக்காக அரியணை ஏறியபின், தில்லி முஸ்லிம்களைத் தௌலதாபாத்துக்குப் பெயர்த்தவர். அங்கே வீடிழந்து நடந்தவர்களுள் ஆலிம்களும் சூஃபிகளும் இருந்தனர். பின்னாளில் மதுரை சுல்தான் கியாசுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை அருவருப்போடு எழுதியவர் இப்னு பதூதா. சுல்தான் அவருக்குச் சகலர். ஆயினும் அவர் மறைக்கவில்லை. உண்மை ஓர் அமானிதம் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டா.

நூலின் உச்சம் மீட்சிப் பகுதியே. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் திரும்பி வந்தால், அவ்விடத்தில் வேறொரு திருமேனி அமர்ந்திருக்கிறது. பழையதை அறிந்தோர் எவருமில்லை. பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர், நனைந்த ஆடையின் நீரைச் சுவைத்து, இவரே நம்பெருமாள் என்று இனங்காண்கிறார். பட்டயமும் பண்டிதரும் செய்யாததை ஓர் ஏழையின் நினைவு செய்தது. அகதியின் துயர் புறப்பாட்டோடு முடிவதில்லை, திரும்பிய நாளில் மீண்டும் தொடங்குகிறது என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது.

குறையும் உண்டு. காலந்தோறும் பலர் எழுதிச் சேர்த்ததால் ஆண்டுகள் குழம்புகின்றன. திருமேனி சென்ற வழி ஊர் ஊராக விரிகிறது; மடிந்த எளிய மக்களோ பன்னீராயிரவர் என்ற எண்ணுக்குள் மறைகின்றனர்.

அக்குறையை நாமும் செய்கிறோம். காவிரிக்குத் தெற்கே, திருச்சி விமான நிலையத்தின் அருகில், கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தோரும், 1983 கலவரத்திற்குப்பின் உயிர் தப்பியோரும் தங்கிய இடம். 2021-இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் சூட்டிற்று. பெயர் மாறியதில் மகிழ்ச்சியே. எனினும் முகாம்களிலேயே பிறந்தோருள் பலர் இன்னும் இந்தியக் குடிமக்களாகவில்லை. காகிதம் கேட்கும் உலகில் அவர்களை இனங்காணும் வண்ணார் எவர்?

இன்னொரு கூட்டமும் உண்டு. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டு நீங்க விடுதலைப் புலிகள் தந்த தவணை இரண்டு மணி நேரம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். விரட்டியவரும் விரட்டப்பட்டவரும் பேசியது ஒரே தமிழ். 2009-இல் போர் ஓய்ந்தபின் திரும்பியோரிற் சிலர் தம் காணியில் பிறர் குடியிருக்கக் கண்டனர். கோயிலொழுகின் மீட்சிப் பகுதியை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நம் ஆண்டுக் கணக்கே மக்காவை நீங்கிய ஒரு பயணத்தில் தொடங்குகிறது. முஹாஜிர்களை அன்சாரிகள் ஏற்ற வரலாற்றைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், கொட்டப்பட்டின் முதியோரருகே ஒரு மாலை அமர்ந்து, அவர்கள் விட்டுவந்த ஊரையும் தெருவையும் பெயரோடு எழுதிக்கொள்ளலாகாதா? அவர்களும் குறைந்து வருகின்றனர். நாளை நாம் எழுத முனையும்போது, எண் மட்டுமே மிஞ்சியிருக்கக் கூடாது.